ஏழாவது கேட்பு

காலை ஆறு மணிக்கு இல்லச்செவியின் பச்சை விளக்கு எரிந்ததும் எங்கள் வீட்டில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிடுவோம். என் மனைவி பாக்கியசீலி அடுப்படி மேடையில் துண்டை விரித்து, அதன் மேல்தான் பாத்திரத்தை வைப்பாள். எனக்கு இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். கூடத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒட்டியிருக்கும் அந்தச் சாம்பல் நிறச் சில்லு எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பாக்கியசீலி தொண்டையைச் சரிசெய்துகொண்டு செய்தி வாசிப்பவளைப் போலத் தொடங்குவாள்.

"ஷெர்லின், காலை உணவு அருந்த வருகிறாயா?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னை ஒரு நாள்கூட அவள் எதையும் அருந்தச் சொன்னதில்லை.

எங்கள் மகள் ஷெர்லினுக்கு நார்வேயில் பனிப்பாறைப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. உலகம் முழுக்கப் பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். அதில் ஒருத்தி, ஐஸ்கட்டியைத் தூத்துக்குடி சர்பத் கடையில் மட்டுமே பார்த்தவள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வடிசவ்வு கழுவும் எனக்கு அந்தச் செய்தி வந்த நாளில் தலை கால் புரியவில்லை. வாட்ச்மேன் தொடங்கி மேனேஜர் வரை எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டு, மறுநாள் மறுபடி வாட்ச்மேனிடம் சொன்னேன்.

இடம் கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை.

கடல் ஏறிய பிறகு பாதி உலகம் வடக்கே போய்விட்டது. பேரைப் பார்த்தும் நிறத்தைப் பார்த்தும் அறை கொடுத்த பழக்கத்தை ஒழிக்க அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இப்போது எல்லாம் பத்துப் பேர் சேர்ந்து வாழும் கூட்டில்லங்கள்தாம். ஒவ்வொன்றையும் இல்லமதி என்கிற ஓர் இயந்திர மூளை நடத்துகிறது. யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதும் அதுவே. அது பேர் கேட்காது, ஊர் கேட்காது, மார்க் கேட்காது. வருகிறவரின் வீட்டை இல்லச்செவி வழியாக மூன்று நாள் காது கொடுத்துக் கேட்கும், அவ்வளவுதான். அது தரும் கூரை ஒப்பம் இல்லாமல் விசா இல்லை. ஒருவருக்கு மொத்தம் ஏழு கேட்புதான்.

எங்களுக்கு ஆறு முடிந்துவிட்டது. வகுப்பு தொடங்க இருபது நாள்கூட இல்லை. ஆறு இல்லங்களும் ஒரே வரியில் மறுத்திருந்தன: 'இவ்வீட்டில் ஒருவர் மட்டுமே வசிக்கிறார்.'

சில்லு பழுது என்றுதான் நினைத்தேன். உதவி மையத்தை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். கிங்ஸ்டன் என்று ஒரு தம்பி பேசினான்.

"அண்ணாச்சி, அது நல்லாத்தான் இருக்கு. வார்த்தையெல்லாம் அது எடுக்காது, கலைச்சிரும். வெறும் சத்தத்த மட்டுந்தான் கேக்கும்."

"அப்போ நாங்க மரியாதையாப் பேசினது?" என்றாள் பாக்கியசீலி.

"அதுக்கு ஒண்ணும் விளங்காது அக்கா. ஒருத்தர் கூப்பிட்டா இன்னொருத்தர் எந்திரிக்காங்களா, ஒரு சாமான் விழுந்தா யாரு ஓடுதாங்க, அதத்தான் பாக்கும். பத்துப் பேரு கூட இருக்கணும்லா? உங்க வீட்டுல ஒரே ஒரு ஆளு சத்தந்தான் கேக்குதாம்."

போனை வைத்தேன். மூவரும் சுவரிலிருந்த சில்லையே பார்த்தோம்.

எங்கள் வீட்டு அமைதி இல்லச்செவிக்காகப் பழகியதல்ல. ஷெர்லின் பத்தாம் வகுப்பு போன அன்று டிவியை ஏறக்கட்டினோம். அதிலிருந்து குசுகுசுவென்றே பேசினோம். சாப்பாடு அவள் மேஜைக்குப் போகும், தட்டு தானாகத் திரும்பி வரும். "எம் மவ இன்னைக்கு வரைக்கும் ஒரு டம்ளர் கழுவினதில்ல" என்று எதிர்வீட்டு எஸ்தரிடம் பாக்கியசீலி பீற்றிக்கொள்ளாத வாரமில்லை. அவள் சத்தம் போட்டு ஏசும் ஒரே விஷயம், ஷெர்லின் இடது குதிகாலைத் தேய்த்து நடப்பது. அதுவும் விடுமுறையில்தான். பிள்ளைக்காக நாங்கள் செய்த பெரிய காரியம் என்று இதையெல்லாம் நான் பெருமையாக நினைத்திருந்தேன்.

"அப்பா, நீங்க அடிக்கடி எதுக்கு மாடிக்குப் போறிய?" என்று ஷெர்லின் கேட்டாள்.

"காத்து வாங்கத்தான்."

"மூணு வருசமாவா?"

பாக்கியசீலி என்னைப் பார்த்தாள். ஷெர்லின் எங்கள் இருவரையும் பார்த்தாள். பெரிய கணக்கெல்லாம் போடுகிற பிள்ளைக்கு நான் இருமத்தான் போகிறேன் என்பது விளங்க அரை நிமிடம் ஆகவில்லை.

ஏழாவது கேட்பின் முதல் நாள், பாக்கியசீலி மணிக்கொரு தடவை சட்டியைக் கீழே போட்டாள். நான் ஓடிப்போய் எடுத்தேன்.

"அம்மா, இப்படி நடிக்காதிய. நாலாவது தடவ போடும்போது சிரிப்பு வருது."

"ஒனக்காகத்தானட்டி செய்யுதேன்!"

"எனக்காக எதையும் செய்யாதிய. அதான் பிரச்சனையே!"

பாக்கியசீலி அழுதுவிட்டாள். அந்த நாளும் அடுத்த நாளும் வீடு முன்பைவிட அமைதியாகக் கிடந்தது. கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தேன். படியேறும்போதே இருமல் கிளம்பிவிட்டது. வழக்கம்போல மாடிக் கதவுக்குப் போனேன். பூட்டியிருந்தது. சாவி ஷெர்லின் கையில்.

"இங்கனயே இருமுங்க" என்றாள்.

வேறு வழியில்லை. கூடத்தில் நின்று, மூன்று வருஷ இருமலையும் சேர்த்து இருமினேன். நாற்காலி சரசரத்தது. இடது குதிகால் தேய்த்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போயிற்று. ஒரு டப்பா திறந்தது, இன்னொன்று திறந்தது, மூன்றாவது விழுந்து உருண்டது. பாக்கியசீலி பாதி எழுந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சுக்கு எங்கம்மா?"

"மேல் தட்டுல, சின்ன டப்பா. ஏட்டி, அடுப்பக் குறை, பொங்குது!"

"பொங்கட்டும்! அப்பா, உக்காருங்க மொதல்ல."

அந்தச் சுக்கு வெந்நியைப் போலக் கேவலமான வெந்நியை நான் குடித்ததே இல்லை. கையில் சூடு பட்டுக்கொண்டு அவள் என் முதுகைத் தடவினாள். பச்சை விளக்கு எரிவது யாருக்கும் நினைவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. கூரை ஒப்பம். கீழே காரணம், அதே ஒரு வரியில்: 'இவ்வீட்டில் மூவர் வசிக்கிறார்கள்.'

அவள் போய்விட்டாள். அந்தச் சட்டத்தில் எங்களுக்கும் ஓர் உரிமை உண்டு. ஞாயிறுதோறும் பத்து நிமிடம், அந்த இல்லத்தின் ஓசை எங்கள் சில்லுக்கு வரும். மறுகேட்பு என்று பேர். அதிலும் வார்த்தை இருக்காது.

முதல் ஞாயிறு, கோயிலிலிருந்து வந்து உடைகூட மாற்றாமல் இருவரும் சுவரையொட்டி உட்கார்ந்தோம். ஏதோ கதவு. ஏதோ கரண்டி. காற்று ஊளையிட்டது. பத்துப் பேரின் சத்தத்தில் எங்கள் பிள்ளை எது என்று தெரியவில்லை. ஒன்பது நிமிடம் போய்விட்டது. பாக்கியசீலி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது யாரோ இருமினார்கள். யார் பெற்ற பிள்ளையோ, நெஞ்சு கிழிகிற இருமல். ஒரு நாற்காலி சரசரத்தது. பிறகு, மரத்தரையில் ஒரு குதிகால் தேய்த்துக்கொண்டு நடந்தது. தண்ணீர் விழும் சத்தம். விளக்கு அணைந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னருகில் பாக்கியசீலி இல்லை. வாசலுக்குப் போய், தெருவே கேட்கும்படி எதிர்வீட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏ எஸ்தரு! எம் மவ அங்கன யாருக்கோ வெந்நி வைக்கா!"