ஒன்பதாவது குரல்

எட்டுக் குழந்தைகள் பாடினார்கள். டோரதியின் காதில் ஒன்பது குரல்கள் விழுந்தன.

முதலில் அவள் ஹார்மோனியத்தைத்தான் சந்தேகப்பட்டாள். துருத்தியை நிறுத்திவிட்டு, "வெறும் வாயால பாடுங்க" என்றாள். ராயபுரம் வீட்டின் முன் கூடத்தில் சனிக்கிழமை மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையெல்லாம் நீட்டிப் போட்டிருந்தது. துறைமுகத்திலிருந்து நிலக்கரித் தூளும், காசிமேட்டிலிருந்து கருவாட்டு வாடையும் ஒரே காற்றில் கலந்து வந்தன. குழந்தைகள் கைகட்டி நின்று மறுபடி பாடினார்கள்.

கப்பல் வருது, கப்பல் வருது
கரையில வந்து பாரு...

'பாரு' என்ற இடத்தில் எட்டுக் குரல்கள் மேலே ஏறின. ஒன்று மட்டும் ஏற முடியாமல் அரைச் சுருதி கீழேயே நின்றது.

ஒவ்வொருவராகப் பாடவைத்தாள். எட்டும் சுத்தம். சேர்ந்து பாடினால் அது வந்துவிட்டது. கைக்கு எட்டிய தூரத்தில் நின்ற ரோஸ்மேரியின் புஜத்தை நகத்தால் கிள்ளித் திருகினாள். "நீதானே?"

"இல்லக்கா. எனக்குப் பின்னால யாரோ பாடறாங்க."

ரோஸ்மேரிக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு, "சாப்பிட்டீங்களா கண்ணுங்களா?" என்று டோரதி கேட்டால், ரேடியோ இருக்கும் வீடுகளிலும் பூங்கா ஒலிபெருக்கிகளின் கீழும் குழந்தைகள் சத்தமாகப் பதில் சொன்னார்கள். ஆறு வருஷமாக அவள்தான் இந்த ஊரின் டோரதி அக்கா. கதை சொல்வாள், பாட்டுக் கட்டுவாள், ஹார்மோனியம் வாசிப்பாள். நிகழ்ச்சி போய்க்கொண்டிருக்கும்போதே தப்பாகப் பாடும் குழந்தையைத் தண்டிக்கவும் தெரியும். அடித்தால் ரேடியோவில் கேட்கும். கிள்ளினால் கேட்காது.

ஆண்டு விழாவுக்குப் புதுப் பாட்டு வேண்டும் என்று வானொலி நிலையத்தில் கேட்டிருந்தார்கள். ஒன்றும் ஓடவில்லை. பழைய நோட்டிலிருந்து இந்தக் கப்பல் பாட்டை எடுத்தாள். ஒன்பது வருஷமாக அதை யாரும் பாடவில்லை. அதற்கு முன்பும் ஒரே ஒரு பெண்தான் பாடியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஒலிபரப்பானது. அரைச் சுருதி இறங்கிய அந்தக் குரலும் கூடவே போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் சங்கரநாராயணன் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. டோரதி மூச்சு விட்டாள்.

திங்கள் காலை வாசலில் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு அங்கம்மா நின்றாள்.

"டீச்சரம்மா, நேத்து பார்க்கு ரேடியோல கேட்டேன். எம் பொண்ணு பவுனு பாடிச்சி."

டோரதி கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டாள். "பவுனா? அவ காணாமப் போய் ஒன்பது வருஷம் ஆச்சே."

"ஆமா. சங்கு ஊதுன அன்னிக்கு உங்க வூட்லேந்து கெளம்பிட்சின்னு நீங்கதான சொன்னீங்கோ? நானும் அன்னிக்கே தேடிகினு இங்க வந்தேன். பூட்டு தொங்கினு இருந்துச்சி. கதவத் தட்டுனேன். உள்ள ஏதோ பிராண்டுற மாதிரி சத்தம். எலின்னு நெனச்சி வூட்டுக்குத் திரும்பிட்டேன்." அங்கம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. சந்தோஷம் இருந்தது. "எங்கியோ இருந்து இப்ப உங்ககிட்ட வந்துக்கீது. ஒரு தபா கண்ணுல காட்டுங்க டீச்சரம்மா."

"பவுனுக்கு இப்ப பதினெட்டு வயசு ஆகியிருக்கும். நீ கேட்டது சின்னப் பொண்ணு குரல்."

"அதான் எனக்கும் புரியல. வளரவே இல்ல போலக்கீது."

டோரதிக்குக் கோபம் வந்தது. பயத்தைவிட அதுதான் அவளுக்குப் பழக்கம். "ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு வா. எட்டுப் பேர் முகத்தையும் எண்ணிப் பாரு. அப்புறம் என் வாசப்படி மிதிக்காதே."

1942 ஏப்ரல். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. பவுனு 'பாரு'வில் ஏழாவது தடவையும் இறங்கினாள். அவளைக் கூடத்துச் சுவர் அலமாரிக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள் டோரதி. பத்து நிமிஷத்துக்குத்தான். அப்போது அபாயச் சங்கு ஊதியது. அண்ணன் ஜட்கா வண்டியோடு வந்து கத்தினான். வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினாள். ரயில் அரக்கோணத்தில் நின்றபோது ஞாபகம் வந்தது. இறங்கியிருக்கலாம். ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. இறங்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்துத் திரும்பினாள். அலமாரிக் கதவின் உள்பக்கம், கீழ்ப் பலகையில், மரம் சிராய் சிராயாகப் பிய்ந்திருந்தது. தெருவில் ஆளில்லை. விடியுமுன் ஒரு கோணிப்பையைக் கடலில் போட்டுவிட்டு வந்து, பலகைக்கு இரண்டு தடவை வர்ணம் பூசினாள்.

அந்த ஞாயிறு டோரதி முன்யோசனையோடுதான் போனாள். "இன்னிக்குப் பாட்டு கிடையாது. யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் மட்டும் கதை சொல்லப்போறேன்" என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டாள். ஒலிபரப்பு அறைக்கு ஜன்னல் இல்லை. சுவரெல்லாம் தடித்த துணி அடித்திருந்ததால் பேச்சு உதட்டைவிட்டு வெளியே வந்ததுமே செத்துப்போனது. மூலையில் ஸ்டூலில் அங்கம்மா. அவள் எட்டு முகங்களையும் விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். முகம் தொங்கிப்போனது. அதைப் பார்த்து டோரதிக்குத் திருப்தியாக இருந்தது.

ஒலிபரப்பு தொடங்கியதைச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சாப்பிட்டீங்களா கண்ணுங்களா?"

தேன் மாதிரிதான் வந்தது. அடுத்த வார்த்தைக்கு மூச்சை இழுத்தாள். தொண்டைக்குள் ஏதோ புரண்டு படுத்தது.

"யம்மா."

குழந்தைகள் யாரும் பேசவில்லை. அசைந்தது டோரதியின் நாக்கு.

"யம்மா, இருட்டா கீது. தண்ணி வோணும்."

வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் குரல் வந்தது. பல்லைக் கடித்தாள். பல்லிடுக்கில் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் சங்கரநாராயணன் நாடகம் என்று நினைத்து ரசித்துத் தலையாட்டினார். குழந்தைகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

"எலி இல்லம்மா. நான்தான் பிராண்டுனேன். நீ தட்டுன. அப்பால போய்ட்ட. டீச்சரம்மா உள்ள வெச்சிப் பூட்டினு ரயிலுக்குப் போய்ட்சி. நகமெல்லாம் போச்சிம்மா."

நிறுத்து.

நிற்கவில்லை.

ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாப் பூங்காவிலும். எல்லா வீட்டிலும்.

அங்கம்மா எழுந்து வந்தாள். அழவில்லை. கத்தவில்லை. டோரதியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். செதில் ஒட்டிய கை. மீன் வாடை. திறந்த வாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"கண்ணு, இங்கியா கீற?"

"ஆமாம்மா."

கட்டைவிரல்கள் தாடைக்குள் இறங்கின. செவுளைப் பிளந்து பழகிய விரல்கள். உதட்டோரம் கிழிந்தது. டோரதி அலறினாள். அலறலும் அந்தக் குழந்தையின் குரலில்தான் வந்தது, சிரித்துக்கொண்டு.

"வா கண்ணு. யம்மா வந்துட்டேன். பிடிச்சிக்கோ."

அங்கம்மாவின் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடித்தொண்டையில், நகமில்லாத ஐந்து சின்ன விரல்கள் மேலே ஏறி வந்து, அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.