உச்சி வேளைக் கடன்காரன்

பினாங்கில் இருபது வருஷம் உழைத்த காசை, வேறொருவர் வசூலிக்க முடியாமல் விற்ற வாராக்கடன் அடமானப் பத்திரத்தில் போட்டுவிட்டு, தியாகராசன் சீர்காழிப் பத்திர எழுத்தர் மீரா உசேன் முன்னால் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. போலிப் பத்திரத்தை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார் என்று மீரா உசேனுக்குப் பெயர்.

"பத்திரத்தை வாங்கும்போதே போட்ட காசை வெளியே எடுக்க வழி யோசிச்சீங்களா?"

"மூணு வழி வெச்சிருந்தேங்க. கடன்காரன் கட்டி மீட்கணும். இல்லேன்னா பத்திரத்தை வேற ஆளுக்கு விக்கணும். அதுவும் இல்லேன்னா கோர்ட்டு ஏலம்."

முதல் வழி ஐப்பசி வெள்ளத்தோடு போயிற்று. கடன்காரன் துரைராசு வாய்க்காலில் விழுந்தான். துண்டும் செருப்பும்தான் கிடைத்தன. ஏலம் வருஷக்கணக்கில் இழுக்கும். ஆட்சி மாறியதிலிருந்து கடன் தள்ளுபடிச் சட்டம் வருமென்று ஊரெல்லாம் பேச்சு வேறு. மிச்சம் விற்பதுதான். ஆனால் அடமான வீட்டைப் பார்க்க வந்த இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். பட்டப்பகலில், உச்சி வேளையில், கொல்லைக் கதவிலிருந்து துரைராசுவின் படம் வரை ஈரக் காலடிகள். ஆளைத்தான் காணோம்.

"இதுவும் போனா நான் மறுபடி கப்பல் ஏறணும். வயசு அறுபதுங்க" என்றார் தியாகராசன்.

மறுநாள் உச்சி வேளைக்கு மீரா உசேன், உதவியாளர் சாமிதுரையோடு அந்த வீட்டுக்குப் போனார். சித்திரை வெயிலில் வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கொல்லைக்குப் பின்னால் உப்பனாறு, அக்கரையில் ஓர் உப்பளக் கொட்டகை. ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. துரைராசுவின் மனைவி கமலாம்பாள், வருஷத் திதி வரைக்கும் தினம் உச்சியில் கொல்லையில் இலை போட்டுச் சோறு வைப்பதாகச் சொன்னாள். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாராம். அவள் அதைப் பயமில்லாமல் சொன்னதுதான் சாமிதுரையை மயிர்க்கூச்செறிய வைத்தது.

வாசலில் பேசிவிட்டு உள்ளே வந்தால், கூடத்தில் காலடிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. சாமிதுரை தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. கொல்லையில் வாழையிலை காலியாகி, கொல்லைப்படிக்கு எதிரே, மேல்பாதி கீழ்நோக்கி மடிந்து கிடந்தது. காக்கை தின்றிருக்கும் என்று அதைத் தாண்டிப் போனார் சாமிதுரை. மீரா உசேன் நகரவில்லை.

அடுத்த நாள் உச்சிக்குச் சற்று முன் தியாகராசன் உட்பட எல்லோரையும் கொல்லைப்பக்கம் உட்கார வைத்தார். கமலாம்பாளை வழக்கம்போல இலை போடச் சொன்னார்.

"வாய்க்கால் நல்ல தண்ணி. இப்ப அதுவும் இல்லை. அப்புறம் கால்ல உப்பு ஏது? உப்பனாத்தைத் தாண்டி வந்த கால் அது."

"பேய் எந்தத் தண்ணியில வந்தா என்னங்க?" என்றார் சாமிதுரை.

"சரி, பேய் வரும், காக்கா சோறு தின்னும். இலையை யாரு மடிச்சது? அதுவும் தன் பக்கமா. உறவு நிலைக்கணும்னு விருந்து சாப்பிட்டவன் அப்படித்தான் மடிப்பான். பசியில வந்தாலும் கைப்பழக்கம் போகலை."

சாமிதுரை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"துரைராசும் ஒரு வழி வெச்சிருந்தாரு" என்று தொடர்ந்தார் மீரா உசேன். "தள்ளுபடிச் சட்டம் வர்ற வரைக்கும் செத்தவனா இருக்கணும், வாங்க வர்றவங்களை விரட்டிப் பத்திரம் கைமாறாம பாத்துக்கணும்."

ஆற்றில் தண்ணீர் சளசளத்தது. தாடியும் வெடித்த பாதங்களுமாக ஏறி வந்தவன், ஆட்களைப் பார்த்து அப்படியே நின்றான். தியாகராசனுக்குப் போன உயிர் திரும்பியது. அவருடைய முதல் வழி சொட்டச் சொட்ட எதிரே நின்றது. நிலத்தை விற்றாவது மீட்கிறேன் என்று துரைராசு முனகினான்.

கமலாம்பாள் தன் வெறுங்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நான் தாலி கழட்டினப்ப அக்கரையில இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவன் இலைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான்.

"பேயா வந்தீங்க, சோறு வெச்சேன்."

குனிந்து, சோறு வைக்காத அந்த இலையைச் சாவு வீட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கமாக மடித்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.