தட்டில் துடிக்கும் துண்டு

மூன்று தட்டு, சின்ன இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. ஸ்பீக்கர் இப்படி ஒழுங்காகத் தட்டக் கூடாது. ஆக்ஸிஜன் குமிழியிடும் உப்புநீர் ஓடும் கண்ணாடித் தட்டில் நகத்தளவே, இளஞ்சிவப்பாகக் கிடந்தது அந்த மூளைத் துண்டு. அதில் செருகிய மின்முனை நரம்புகளின் துடிப்பை ஒலியாக்கும். வலிப்பு வரவழைக்கும் மருந்தைச் சொட்டவிட்டால் நரம்புகளின் பிரேக் அறுந்து, தகரத்தில் மழை கொட்டுவதுபோல் தாறுமாறாகப் பொரியும். இந்த ஆய்வுக்கூடத்தில் அவள் வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம் அதுதான்.

இன்றும் அதே மருந்துதான் சொட்டியது. இதுவோ தம்பி தட்டுவதுபோலவே இருந்தது. வலிப்பு வருமுன் அவன் விரல்கள் இப்படித்தான் தட்டும்.

காலையில்தான் மாடியில் தம்பிக்கு ஆபரேஷன். வலிப்பின் வேர் என்று வெட்டியெடுத்த துண்டு, பெயரில்லாத டப்பாவில் கீழே ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. பெயர் எதற்கு? இன்றைக்கு வேறு ஆபரேஷனே இல்லை. மற்றவர் கையில் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, பாழாய்ப்போன பாசம்.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“எப்படிம்மா இருக்கான்?”

“தூங்குறான்டி. விரல் மட்டும் கட்டில் கம்பியில தட்டிட்டே இருக்கு. ஐயோ, வாய் கோணுதே! நர்ஸம்மா!”

போனிலும் ஸ்பீக்கரிலும் ஒரே தட்டு. ஒரே நேரத்தில். கிறுக்கச்சி, கிறுக்கச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டு மருந்துக் குழாயைப் பிடுங்கினாள். சுத்தமான உப்புநீர்ப் பாட்டிலை மாட்டினாள். கழுவு. சீக்கிரம் கழுவு.

தட்டும் சத்தம் தளர்ந்தது. நின்றது.

“அடங்கிடுச்சுடி!” அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். “போன உசுரு திரும்பி வந்துச்சு!”

அவளும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அறை அமைதி. ரொம்ப அமைதி. குமிழிச் சத்தம்கூட இல்லை.

புதுப் பாட்டில். அதற்குள் ஆக்ஸிஜன் குழாயை விடவில்லை. அவசரத்தில் மறந்தே போய்விட்டாள். குழாய் மேசையோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

பாய்ந்து செருகினாள். குமிழி கிளம்பியது. துண்டின் ஓரம் ஏற்கெனவே வெளுத்திருந்தது. வெளுப்பு உள்ளே நகர்ந்தது.

“ஏன்டி...” போனில் அம்மா. சிரிப்பு போய்விட்டது. “இவன் கை ஏன் இப்படி சில்லுன்னு இருக்கு? விரலெல்லாம் வெளுத்துட்டு வருது. மணிக்கட்டும்... நீ கொஞ்சம் மேல வாயேன்.”

அவள் தட்டின் மேல் குனிந்தாள். துண்டின் நடுவில் கடுகளவு சிவப்பு மிச்சமிருந்தது. அதுவும் சுருங்கிக்கொண்டிருந்தது.