ஏழுக்கு ஒரு வீடு

நரிக்குடிப் பக்கமிருந்து வரும் பத்தரை மணி பஸ்ஸில் ரேணுகாதேவி வந்து இறங்கினாள். கையில் எழுதுகிற அட்டை, தோளில் பை, வெயிலுக்குத் தலையில் துப்பட்டா. அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பெண். எத்தனை குடும்பத்துக்கு வீடு தேவைப்படுகிறது என்று ஊர் ஊராய்ப் போய்க் கணக்கெடுப்பது அவள் வேலை. கீழமடையில் அவளுக்கு வழிகாட்டக் கூலிக்கு அமர்த்தியிருந்த ஆள் குருவம்மாள். நூறு நாள் வேலைக்கும், விறகைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டத்துக்கும் போய்க் கை காய்த்துப்போன பொம்பளை. நாற்பது வயதுக்கு மேல் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவள். அதனால்தான் முந்தின நாள் வீட்டுக் கதவுகளில் சாக்பீஸால் நம்பர் போடும் வேலையை அவளிடமே விட்டிருந்தாள் ரேணுகாதேவி.

மொத்தம் அறுபத்து மூன்று வீடு.

“இன்னைக்கு அத்தனை வீட்டுக்கும் போறமா தாயி?”

“இல்லக்கா. ஏழு வீட்டுக்கு ஒரு வீடு. அந்த ஒரு வீடு மத்த ஆறுக்கும் சேத்துப் பேசும்.”

“எங்க வீட்டுக்கு இன்னொருத்தி எப்பிடிப் பேசுவா? எங்க கூரை எந்த மூலையில ஒழுகுதுன்னு அவளுக்குத் தெரியுமாக்கும்?”

ரேணுகாதேவி சிரித்தாள். “இது வீடு குடுக்குற லிஸ்டு இல்லக்கா. ஊருக்கு எத்தனை வேணும்னு தெரிஞ்சுக்கிடத்தான்.”

குருவம்மாள் நம்பவில்லை. கொடுக்க ஒன்றுமில்லாமலா இந்த ஆவணி வெயிலில் ஒருத்தி பஸ் ஏறி வருவாள்? மகள் முருகலட்சுமிக்கு ஐப்பசியில் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். வீட்டின் மேற்குச் சுவரோ வயிறு தள்ளி நிற்கிறது. அடுத்த மழைக்குத் தாங்காது. பச்சைப் பிள்ளையை அந்தச் சுவரோரம் எப்படிக் கிடத்துவது?

ரேணுகாதேவி ஒன்று முதல் ஏழு வரை சீட்டெழுதி, சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி நீட்டினாள்.

“ஒண்ணு எடுங்க. அந்த நம்பர்ல ஆரம்பிச்சு ஏழு ஏழாத் தாண்டிப் போகணும்.”

வந்தது நாலு.

குருவம்மாள் விரலை மடக்கினாள். நாலு, பதினொன்று, பதினெட்டு, இருபத்தைந்து, முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு அவள் வீடு. நேற்று அவளே எழுதியது.

“என்னக்கா, முகம் இப்பிடி மலருது? நான் சீட்டு மடிச்சதை ஓரக்கண்ணால பாத்தீகளா?”

“ஆமா, எனக்கு நாலு கண்ணு.”

விளையாட்டுப் பேச்சுதான். ஆனாலும் அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் யாரிடமோ தன் வீட்டுப் பேச்சான தெலுங்கில் பேசியபோது, தன்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று குருவம்மாளுக்குப் பட்டது.

நாலு வீடு முடியவே உச்சிப்பொழுது ஆகிவிட்டது. தெருவின் நடுப்பகுதியில் ஆள் அரவமில்லை. கரிசல் வாய் பிளந்து கிடந்தது. கருவேல மரத்துக் காக்கைகூடச் சத்தம் காட்டாமல் அலகைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. குருவம்மாள் வீட்டுக்கு முந்தின வீடு இடிந்த வீடு. கூரை கிடையாது. முன்சுவரும் பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு சுவரும் நின்றன. பின்சுவர் விழுந்து மண்மேடாகிவிட்டது. நிலையில் கதவு மட்டும் பொருந்தியிருந்தது.

அந்தக் கதவில் 32 என்று எழுதியிருந்தது.

அடுத்து, அவள் வீட்டுக் கதவில் 33.

“இதை யாரு எழுதுனது தாயி?”

“என்னைக் கேக்குறீக? நீங்கதான எழுதுனீக. இந்தா, உங்க மூணு.”

மூன்றின் வாலைத் தூண்டில் முள் மாதிரி வளைத்து எழுதுவது குருவம்மாளின் வழக்கம். அதே வளைவு. அவள் கைதான். ஆனால் இந்தக் கதவை அவள் தொட்டதில்லை. நாலு வருஷமாய் இதைத் தாண்டும்போது இந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பியதில்லை.

“குடியில்லாத வீட்டுக்கு நம்பர் கூடாதுன்னு நேத்தே சொன்னேன்ல? எங்கயோ தப்பியிருக்கு. வாங்க, மறுபடி எண்ணுவோம்.”

கிழக்கே போய் ஆரம்பித்து, குடியிருக்கும் வீடுகளை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தார்கள். அறுபத்து நாலு, நேற்றைவிட ஒன்று கூட. மேற்கிலிருந்து திரும்ப எண்ணினார்கள். அதுவும் அறுபத்து நாலுதான்.

ரேணுகாதேவி அவளை உற்றுப் பார்த்தாள். “அக்கா, அந்த வீட்டுல யாரையும் மறைக்கிறீகளா?”

“யார மறைக்க? இடிஞ்ச வீட்டுல பேயா குடியிருக்கும்?”

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

ரேணுகாதேவி போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை.

உள்ளே தாழ் போட்டிருந்தது.

“வீட்டுல யாரு?” என்று தட்டினாள். அப்போதுதான் அந்த வாடை வந்தது. மழையில் நாள்கணக்காய் ஊறிய மண்சுவரின் வாடை. இந்தச் சீமையில் மழை பெய்து மாசம் ஏழு ஆகிறது.

சொட்.

உள்ளே தண்ணீர் சொட்டியது.

சொட்.

“கேக்குதாக்கா?”

“ஒண்ணும் கேக்கல.”

“அப்ப நாளைக்கும் மறுநாளும் வந்து பாக்கேன். மூணு தடவை பாக்கணும். ஆளில்லன்னு பக்கத்து வீட்டுக்கு மாத்தி எழுத எனக்கு அனுமதி இல்ல.”

கைக்கு வந்தது போகிறது. குருவம்மாள் ஓரடி முன்னே வந்தாள்.

“அது ஆளில்லாத வீடு தாயி. தாண்டிப் போங்க.”

வார்த்தை வாயை விட்டுப் போனதும்தான் அவளுக்கு நினைவு வந்தது. நாலு வருஷத்துக்கு முந்தியும் இதே இடத்தில் நின்று இதே வார்த்தையைச் சொன்னாள். அது நிஜமாகவே வீடு கொடுக்கும் லிஸ்ட். அப்போது இங்கே தனுஷ்கோடி இருந்தான். பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைகள். கடற்கரைப் பக்கமிருந்து கரிமூட்டம் போட வந்த குடும்பம். அன்றைக்கு நாலு பேரும் காட்டுக்குப் போயிருந்தார்கள். ஒரு பேர் குறைந்தால் தன் பேர் ஏறும் என்று குருவம்மாள் கணக்குப் போட்டாள். லிஸ்ட் எடுக்க வந்தவரும் தாண்டிப் போனார். ஆனால் அவள் பேரும் ஏறவில்லை. அந்த ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. பின்சுவர் சாய்ந்தது. நாலு பேர் உடலையும் மண்வெட்டியால் மண்ணைத் தோண்டித்தான் எடுத்தார்கள். தான் சொன்ன சொல்லைக் கட்டின புருஷன் கருத்தப்பாண்டியிடம்கூட அவள் இதுவரை சொன்னதில்லை.

ரேணுகாதேவி பின்பக்கம் சுற்றிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். “கருவேலஞ்செடிதான் மண்டிக் கிடக்கு. நீங்க சொன்னது சரிதான். குடியில்லாததுக்கு நம்பரே கிடையாது. அதை அழிச்சுட்டு உங்க கதவுல முப்பத்திரண்டு போடுங்க.”

குருவம்மாள் முந்தானையால் துடைத்தாள். எழுத்து உடனே போய்விட்டது.

முந்தானை ஈரமாகியிருந்தது.

அதைப் பிழிந்துகொண்டே தன் வீட்டுக்குள் போனாள். ஒரே அறை. நடுவில் ஒரு பழைய சேலையைத் தடுப்பாகக் கட்டி, அந்தப் பக்கம் அடுப்பு வைத்திருந்தாள். ரேணுகாதேவி கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

“எத்தனை பேரு?”

“நானும் எங்க வீட்டுக்காரரும். அவுக மூட்டத்துக்குப் போயிருக்காக. மக பேறுகாலத்துக்கு வாரா.”

“கட்டிக்குடுத்த மகளைச் சேக்க முடியாதுக்கா. ரெண்டு பேருக்கு ஒரு அறை. சுவரு, ஒழுகுறதெல்லாம் பழுது பாக்குற கணக்குல போயிரும். புது வீடு தேவையில்லன்னுதான் விழும்.”

“அந்தச் சுவத்தைப் பாரு தாயி. புள்ள மேல விழுந்தா என்ன செய்ய?”

“பாக்கேன்க்கா. என் கையில என்ன இருக்கு?” தாளைப் புரட்டினாள். “கடைசிக் கேள்வி. சொந்தமா வீடில்லாம வேற குடும்பம் எதுவும் உங்ககூட ஒண்டியிருக்காகளா? இருந்தா தேவைன்னு விழும்.”

குருவம்மாள் சேலைத் தடுப்பைப் பார்த்தாள். சின்னப் பொய். யாருக்கும் நஷ்டமில்லை.

“இருக்காக.”

“எத்தனை பேரு?”

“நாலு பேரு.” யோசிக்கும் முன்பே நாக்கு சொல்லிவிட்டது.

“குடும்பத் தலைவர் பேரு?”

சொந்தக்காரன் பேரைச் சொன்னால் ஊரில் விசாரித்துவிடுவார்கள். யாரும் போய்க் கேட்க முடியாத பேர் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

“தனுஷ்கோடி.”

ரேணுகாதேவி எழுதினாள். தலை நிமிரவில்லை. “எவ்வளவு நாளா இங்க இருக்காக?”

குருவம்மாள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, தொண்டையில் மண் அடைத்ததுபோல, ஒரு ஆண் குரல் பதில் சொன்னது.

“நாலு ஐப்பசி ஆச்சு தாயி.”

ரேணுகாதேவி அதையும் எழுதிக்கொண்டாள்.