நாலு பேருக்குத் தெரிந்த பின் நம்பர்

"ஐயோ... குரங்கு!"

ஐந்தருவியின் இரைச்சலையும் மீறிக் கேட்டது அந்தக் கத்தல்.

கத்தியவன் கைலாசம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருப்பவன். சளி பிடித்திருக்கிறது, குளிக்க மாட்டேன் என்று சொல்லி, எல்லார் சாமானையும் வாங்கி வைத்துக்கொண்டு கரையில் நின்றவன். துண்டுகள் இருந்தன. போன்கள் இருந்தன. கார் சாவியும் இருந்தது.

மச்சினி உமாராணியின் பர்ஸ் மட்டும் இல்லை!

ஈரத் தலையோடு ஓடி வந்தாள் உமா. பின்னாலேயே அவள் அக்கா மீனா, அதாவது கைலாசத்தின் மனைவி. அடுத்து, மூச்சு வாங்க அப்பா வல்லிநாயகம்.

"பறிச்சிட்டுப் போயிட்டு. அந்தா, அந்த மரத்துல ஏறுச்சு," என்று கை காட்டினான் கைலாசம்.

மரத்தில் ஒரு குரங்கு இருக்கத்தான் செய்தது. குற்றாலத்தில் எந்த மரத்தில்தான் இல்லை? பாவம், அதற்கு மறுத்துப் பேசத் தெரியாது.

பர்ஸில் இருந்தது ஒரே ஒரு கார்டு.

நாளை மாலை திருவனந்தபுரத்தில் விமானம். உமா ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறாள். கீழப்பாவூர் வயலை ஒத்திக்கு வைத்து அப்பா புரட்டிய பணம் முழுவதும் அந்தக் கார்டில்தான். அது இல்லாமல் போய் இறங்கினால் தங்க இடம் கிடையாது, சாப்பாடும் கிடையாது.

அந்தக் கார்டுக்காக வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. இருக்கிற ஏ.டி.எம். கார்டே போதும் என்றான் கைலாசம். அங்கே பணம் எடுத்தால் ஒரு பிடித்தம், பொருள் வாங்கினால் இன்னொரு பிடித்தம் என்று உமா எடுத்துச் சொன்னாள். ஊர் உலகம் தெரியாத பிள்ளை என்று அவன் எகிறினான். கடைசியில் "சரி அத்தான்" என்று வாயை மூடிக்கொண்டாள்.

"கார்டை பிளாக் பண்ணுட்டி உமா," என்றார் அப்பா.

"மாட்டேன்ப்பா. பிளாக் பண்ணுனா புதுக் கார்டு வர பத்து நாளாவும். நாளைக்கு எதை வச்சு ஏறுவேன்?"

"பணம் போயிருமேட்டி..."

தானே போய் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னான் கைலாசம். பதிலுக்குக் கூட நிற்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு பறந்தான்.

உமா போனைக் கையில் வைத்தபடி கல்லில் உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம்.

டிங்...!

தென்காசி. ஏ.டி.எம். பணம் தரப்படவில்லை.

மீனா எட்டிப் பார்த்தாள். "குரங்கு ஏ.டி.எம்முக்கா போவும்?" என்றாள். அதில் சிரிப்பு இல்லை.

டிங்...! மறுபடியும் தென்காசி.

"பின் நம்பரத் தப்பாப் போடுதான். அடுத்த தடவை சரியாப் போட்டாம்னா எல்லாம் போச்சு. ஒன் கால்ல விழுதேன் தாயி, பிளாக் பண்ணு."

அப்பா இப்படி இதுவரை யாரிடமும் கெஞ்சியதில்லை.

"சரியாத்தான் போடுதான்ப்பா. தப்பாப் போட்டா அப்படின்னே மெசேஜ் வரும்."

பின் நம்பர்...!

காலையில் காரை நிறுத்திவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புது நம்பர் பேங்கிலிருந்து மெசேஜில் வந்தது. எண்ணெய் விரலுக்கு உமாவின் போன் திறக்கவில்லை. மீனா கையைத் துடைத்துக்கொண்டு, போனைத் திறந்து, நாலு எண்களையும் சத்தமாக வாசித்தாள். அப்பா கேட்டார். கைலாசமும் கேட்டான். பக்கத்தில் வேறு யாருமே இல்லை.

மீனாவின் முகம் வெளுத்தது. விடிய விடிய போனில் காசு வைத்துச் சீட்டாடும் புருஷன்... போன மாதம் காணாமல் போன வளையல்...

"அவியளா இருக்காதுட்டி," என்றாள். அவளுக்கே நம்பிக்கை இல்லை.

அக்காவுக்காகத்தான் இத்தனை நேரம் பொறுத்தாள் உமா. இனி முடியாது. கைலாசத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"எங்கன இருக்கீய அத்தான்?"

"ஸ்டேஷன்லதான். எஸ்.ஐ. எழுதிக்கிட்டு இருக்காரு. நீ கார்டை பிளாக் பண்ணிட்டியா?"

அவனுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், வெகு மரியாதையாகச் சொன்னது.

"தயவுசெய்து உங்கள் கார்டை எடுத்துக்கொள்ளவும்..."

மீனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பிளாக் பண்ணல அத்தான். கார்டைப் பத்திரமா இங்கன கொண்டாந்துருங்க. இல்லேன்னா நெசமாவே ஸ்டேஷனுக்குப் போவேன்."

அவன் வாய் திறக்குமுன் உமாவே தொடர்ந்தாள்.

"நீங்க சொன்ன கார்டு இல்ல அது. பிடித்தமே இல்லாததாத் தேடி நானே வாங்குன வெளிநாட்டுக் கார்டு. உள்ள கெடக்குறது யூரோ. இந்தியாவுல எந்த மெஷின்ல சொருகுனாலும் பத்துப் பைசா வராது."

"உமா... நான்..."

"அதுல பணம் எடுக்கணும்னா, மொதல்ல பாஸ்போர்ட் எடுங்க அத்தான்."