எடுபிடி கேட்ட கேள்வி

செவ்வாய்க் கோளில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பல் துலக்குகிறார்களோ இல்லையோ, காதுக்குப் பின்னால் பதித்த சொல்தேர்வியைத் தட்டிப் பார்க்காமல் வாசல் தாண்ட மாட்டார்கள். மேலதிகாரியிடம் பேச வாயெடுத்தால், அந்த இடத்துக்குப் பொருந்தும் ஆங்கில வாக்கியங்களை மரியாதை வரிசையில் அது கண்ணெதிரே காட்டும். எதைச் சொல்வது என்பது அவரவர் பாடு. கரிசல் குடியிருப்பில் இருந்த அத்தனை பேரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள்தான். என்றாலும் அலுவல் என்று வந்துவிட்டால் ஆங்கிலம்தான். கோள் மாறினாலும் பழக்கம் மாறவில்லை.

இசக்கிராணி அங்கே காற்றுப் பங்கீட்டு அறையின் பொறுப்பாளர். அன்று விடிந்ததிலிருந்தே அழுத்தமானியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ கசிவு. தலைமைப் பொறியாளர் பென்னட்டின் குரல் வந்தது: "ஷட் த லைன் இம்மீடியட்லி."

"ஓகே சார்" என்றாள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

அவள் முன்னால் இரண்டு காற்றுக் குழாய்கள் இருந்தன. ஒன்று காய்கறி வளர்க்கும் குமிழுக்குப் போனது, மற்றது வீட்டுக் குமிழுக்கு. வீட்டில் இரவுப் பணி முடித்த அவள் கணவன் சுடலைமுத்து தூங்கிக்கொண்டிருந்தான். தப்பான குழாயை மூடினால் அவன் எழுந்திருக்கப்போவதில்லை. எதையும் மூடாமல் விட்டாலும் கொஞ்ச நேரத்தில் அதே கதிதான்.

எந்தக் குழாய் என்று கேட்க வேண்டும். சொல்தேர்வி வாக்கியங்களை விரித்தது. 'குட் யூ ப்ளீஸ் கிளாரிஃபை' என்றால் சார் தெளிவாகச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டுவதாகும். 'ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்' என்றால் தான் மக்கு என்று தானே எழுதிக் கொடுப்பது. 'குட் யூ எலாபரேட்' என்று கேட்டாலோ சார் குழாயின் பூர்வ கதையிலிருந்து ஆரம்பிப்பார். 'ஜஸ்ட் டு கன்ஃபர்ம்' நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு விடை பாதியாவது தெரிந்திருக்க வேண்டும். புருஷன் உயிரைவிட வாக்கியம் பெரிதா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தும் வாய் திறக்கவில்லை.

பக்கத்தில் ஸ்பேனரோடு நின்ற இயந்திரனுக்கு எடுபிடி என்று பெயர். மலிவு ரகம், சொல்தேர்வி கிடையாது.

"அக்கா, எந்தக் குழாய மூடணும்?"

"அதான் எனக்கும் வெளங்கல. நீயே கேளு."

எடுபிடி உடனே கேட்டது. "சார், வெளங்கல. ரெண்டு குழாய் இருக்கு. எத மூடணும்?"

இசக்கிராணி பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். மறுமுனையில் பென்னட் பெருமூச்சு விட்டார்.

"எனக்கும் வெளங்கலடே. பூமியிலேருந்து லைன மூடச் சொன்னாவ. எந்த லைன்னு எப்படிக் கேக்கதுன்னு நானும் நாலு வாக்கியத்த வச்சு முழிச்சிக்கிட்டிருக்கேன். குமிழ்ப் பக்கத்து அளவு எங்கிட்ட இருக்கு. குழாய்ப் பக்கத்து அளவ வாசி, பாத்துருவோம்."

பார்த்தார்கள். கசிந்தது காய்கறிக் குழாய். மூடினார்கள். சாயங்காலம் எழுந்த சுடலைமுத்து, சாம்பாரில் ஏன் காயே இல்லை என்று சலித்துக்கொண்டான். அதைக் கேட்டு இசக்கிராணி அழுதுவிட்டாள்.

நிர்வாகம் எடுபிடியைப் பாராட்டி, உதவிப் பொறியாளராக உயர்த்தியது. இசக்கிராணிக்கு ஒரு படி மேலே. பதவிக்கேற்ற பேச்சு வேண்டாமா என்று, புத்தம்புதிய சொல்தேர்வி ஒன்றையும் பரிசாகப் பொருத்தியது.

அடுத்த மாதம் முள் மறுபடி இறங்கியது. அதே உத்தரவு வந்தது. வீட்டில் சுடலைமுத்து தூங்கிக்கொண்டிருந்தான். இந்த முறை இசக்கிராணி பதறவில்லை.

"எடுபிடி சார், எந்தக் குழாய்னு நீங்களே கேட்டுருங்க."

எடுபிடியின் நெற்றி விளக்கு மினுங்கியது. முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது.

"ஒரு நிமிஷம் இசக்கிராணி. நெறய வாக்கியம் வந்திருக்கு. எதச் சொன்னா சார் மனசு கோணாதுன்னு பாக்கேன்."

அதை அவசரப்படுத்த அவள் வாயெடுத்தாள். காதுக்குப் பின்னால் மெல்ல அதிர்ந்தது. மேலதிகாரிக்கு நினைவூட்டுவதற்கான மூன்று வாக்கியங்கள் கண்ணெதிரே வந்து நின்றன. அவள் முதலாவதைப் படிக்கத் தொடங்கினாள்.