ஆறாத என்ஜின்

யார் வீட்டுக்குக் கார் பார்க்கப் போனாலும், விற்பவரிடம் பேச்சுக் கொடுப்பதற்கு முன் ஜூடித் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பாள். பழைய கார்களைச் சோதித்துச் சொல்லும் கம்பெனியில் வேலை. அது அங்கே படிந்த பழக்கம். கோளாறுள்ள என்ஜின், ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் மாட்டிக்கொள்ளும். தட்டும், திணறும், புகை கக்கும். அதை மறைக்க நினைப்பவர்கள், ஆள் வருவதற்குள் ஓடவிட்டுச் சூடேற்றி வைப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுனில் மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. மத்தியானமே சாயங்காலம் போல இருந்தது. பழைய ஓட்டு வீட்டின் பக்கத்தில் ஒரு ஷெட். அதற்குள் சிவப்பு நிறத்தில், இரண்டே சீட் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்.

ஜூடித் கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

கொதித்தது.

"வாங்க ஜூடித்" என்றாள் லவினா, வாசலில் நின்று. பிறகு ஜூடித்தின் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன மேன் ரயான், தொப்பை வந்திடுச்சு?"

"உன் ஹஸ்பண்ட் காரை ஓட்டினா கரைஞ்சிடும்" என்றான் ரயான்.

ஒரு காலத்தில் இவர்கள் இருவருக்கும் கல்யாணம் என்றே சர்ச் முழுக்கப் பேச்சு. லவினா டெஸ்மண்டைக் கட்டிக்கொண்டாள். ரயான் ஜூடித்தைக் கட்டிக்கொண்டான். போன டிசம்பரில் டெஸ்மண்ட் இறந்தான். இப்போது ரயானுக்குத் திடீரென்று ஸ்போர்ட்ஸ் கார் ஆசை.

ஜூடித்துக்கு ஒரு கோளாறு வேண்டும். ஒன்றே ஒன்று போதும். கார் வேண்டாம் என்றாகிவிடும். இந்த வீட்டுப் படி ஏறும் வேலையும் தீர்ந்துவிடும்.

"கடைசியா எப்ப ஓட்டினீங்க?" என்று கேட்டாள்.

"டெஸ்மண்ட் போனப்புறம் யாரும் தொடலைங்க. பேட்டரி ஒயரையே கழட்டிப் போட்டிருக்கேன்."

பொய். ஜூடித்தின் காது மடல் சுட்டது. ரயானை ஓரமாக இழுத்தாள்.

"காலைல எங்க போன?"

"ஜிம்முக்கு."

"இந்த வண்டியிலயா?"

"பைத்தியமா உனக்கு?" என்று கிசுகிசுத்துவிட்டு அவன் லவினாவிடம் போய் நின்றுகொண்டான்.

ஜூடித் பானெட்டைத் தூக்கினாள். அனல் முகத்தில் அடித்தது. அப்போதுதான் நிறுத்திய என்ஜினைப் போல உள்ளே டிக்... டிக்... என்று உலோகம் ஆறும் சத்தம்.

பேட்டரியைப் பார்த்தாள்.

ஒயர் கழன்றுதான் கிடந்தது. முனையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை. தூசி படிந்த பழைய வலை. ஓர் இழைகூட அறுபடவில்லை.

இந்த என்ஜினை யாரும் ஸ்டார்ட் செய்திருக்க முடியாது.

"லவினா, காலைல வெளிய போனீங்களா?" என்று கேட்டாள்.

"சர்ச்சுக்கு. ஏன்?"

"சும்மாதான்."

வலையைத் துடைத்து ஒயரை மாட்டினாள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தரையில் மண்டியிட்டு, பையிலிருந்து கோளாறு காட்டும் ஸ்கேனரை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினாள். உள்ளே சிகரெட் வாடை. பழைய வாடை இல்லை. யாரோ இழுத்துக்கொண்டிருக்கும் வாடை.

சாவியைப் பாதி திருப்பினாள். என்ஜின் ஓடவில்லை. திரையில் எண்கள் வந்தன. ஆக்ஸிலரேட்டர்: பூஜ்யம்.

ஷெட் வாசலில் மழை பிடித்துக்கொண்டது. ரயான் ஏதோ சொல்ல, லவினா சிரித்தாள். அவன் சட்டைக் கையில் செல்லமாக ஓர் அடி வைத்தாள்.

ஆக்ஸிலரேட்டர்: இருபது.

ஜூடித் கண்ணைக் கசக்கினாள். சிரிப்பு மறுபடியும் கேட்டது.

நூறு.

மெதுவாகக் குனிந்து பெடலைப் பார்த்தாள். அது தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது.

மேலே யாருடைய காலும் இல்லை.

அலற வேண்டும்போல இருந்தது. அலறவில்லை. ஏனென்றால் அந்த அழுத்தம் எதற்கென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோது அவளுடைய பல்லும் அப்படித்தான் இறுகியிருந்தது.

"டெஸ்ட் டிரைவ் போலாமா?" ரயான் உற்சாகமாக வந்தான். "லவினா, நீயும் வா. எந்த கியர் முரண்டு பிடிக்கும்னு உனக்குத்தான் தெரியும்."

"வேணாம்" என்று எழுந்தாள் ஜூடித். "வண்டி சரியில்ல."

"என்ன பிராப்ளம்?"

ஜூடித் ஸ்கேனரைப் பிடுங்கிப் பையில் போட்டாள். ரயான் உதட்டைச் சுழித்தான். "பிராப்ளம் என்ஜின்ல இல்ல, ஜூடித். உன் மண்டையில."

லவினா தயங்கினாள். "உள்ள உட்கார எனக்கே ஒரு மாதிரி இருக்குப்பா. நான் எங்கயாவது போயிட்டு வர லேட்டானா அவரு இங்கதான் என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பாரு. என்னைத் தேடி வர்றதுக்கு. கடைசியில உயிர் போனதும் இந்த சீட்லதான்."

"அஞ்சு நிமிஷம்தானே, வா" என்றான் ரயான்.

அவர்கள் ஏறுவதற்குள் ஜூடித் பானெட்டுக்குள் கையை விட்டு, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். அது இல்லாமல் என்ஜினுக்குப் பெட்ரோல் போகாது. வண்டி நகராது.

"சீட்டு ஏன் சுடுது?" என்றான் ரயான், பெல்ட்டை மாட்டியபடி. "யாரோ இப்பதான் எந்திரிச்ச மாதிரி."

சாவியைத் திருப்பினான்.

முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

"பாத்தியா! வெண்ணெய் மாதிரி ஓடுது!"

ஜூடித்தின் கையில் ஃபியூஸ் வேர்வையில் நனைந்திருந்தது.

என்ஜின் சத்தம் ஏறியது. இன்னும் ஏறியது. ஓட்டுக் கூரை அதிர்ந்தது. ரயானின் சிரிப்பு நின்றது. "நான் அழுத்தல... ஜூடித், நான் அழுத்தல!"

கதவுகள் சடக்கென்று பூட்டிக்கொண்டன.

லவினாவின் பெல்ட் தளர்ந்து மடியில் விழுந்தது. ரயானின் பெல்ட் மட்டும் இறுகியது. நெஞ்சிலிருந்து மேலே ஏறிக் கழுத்துக்கு வந்தது. அவன் இரண்டு கைகளாலும் அதை இழுத்தான். முகம் கறுத்தது. லவினா கண்ணாடியை அறைந்து டெஸ்மண்டின் பெயரைச் சொல்லிக் கதறினாள்.

ஜூடித் ஓட்டுநர் பக்க ஜன்னலில் முகத்தை ஒட்டினாள். ரயானைப் பார்க்கவில்லை. அவனுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில், காற்று கொஞ்சம் கனத்துத் தெரிந்த இடத்தைப் பார்த்தாள்.

"அண்ணா" என்றாள் மெல்ல. "இவன் என் புருஷன்."

சத்தம் குறையவில்லை.

"எனக்கும் எரியுது அண்ணா. காலைலேர்ந்து எரியுது. விட்டுடுங்க. நான் கூட்டிட்டுப் போயிடறேன். இனிமே இவனை நான் பாத்துக்கறேன்."

என்ஜின் அணைந்தது.

கதவு தானாகத் திறந்தது. ரயான் இருமியபடி அவள் மேல் சரிந்தான்.

திரும்பும்போது ஜூடித்தான் அவர்களுடைய சின்னக் காரை ஓட்டினாள். ரயான் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். சிவந்த தடம் பட்டையாகப் பதிந்திருந்தது.

"பெல்ட் ஜாமாயிடுச்சு போல. சனியன் பிடிச்ச வண்டி" என்றான். "இனிமே அந்தப் பக்கமே வேணாம்."

அவள் கேட்க விரும்பிய வார்த்தை அது. கண் கலங்கியது. அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அவனும் அழுத்தினான்.

கோல்ஸ் பார்க் சிக்னலில் வண்டி நின்றது. வைப்பர் மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. ரயானின் போன் ஒருமுறை ஒலித்தது. அவன் எடுத்துப் பார்த்தான். திரையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பித் தொடையில் வைத்துக்கொண்டான்.

ஜூடித் ஒன்றும் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். இன்றைக்கு வேண்டாம். எதுவும் வேண்டாம்.

பின்சீட் மெல்ல அமுங்கும் சத்தம் கேட்டது.

அவள் காதுக்கு மிக அருகில், கரகரத்த ஓர் ஆண்குரல் சொன்னது.

"யாருன்னு கேளு."

ரயான் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜூடித் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு, ரயான்?" என்று கேட்டாள்.